எட்டரைக் கிலோ பச்சரிசி

கரமனை,
18 ஆகஸ்ட் 2024

தங்கச்சி சிவகாமியம்மாளுக்கு அண்ணன் நீலகண்டன் பக்கத்தில் இருந்து சொல்லி, வாலாம்பாள் மாமி எழுதுவது.

இங்கே நான், மகன் சுனில், மருமகள் ஆதிரா மூவரும் சுகம். பூதப்பாண்டியில் நீயும் ஸ்ரீலட்சுமியும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டி ஆர்ஷாவும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பாய். போன தடவை நான் "ஓணத்துக்கு வருவியா" என்று கத்தினேன். நீ "ஆமா, சாப்பிட்டாச்சு" என்றாய். எதிர்வீட்டுக்காரர்தான் எனக்குச் சரியான பதில் சொன்னார். அதனால்தான் மறுபடியும் காகிதம். எங்கள் தெருவில் இருக்கும் மாமி செக்ரடேரியட்டில் முப்பது வருஷம் சுருக்கெழுத்து எழுதியவர். அவருக்கு மாதச் சாமான் முப்பத்திரண்டு இனத்தை ஆரியசாலைக் கடையில் இருந்து சீட்டு இல்லாமல் ஞாபகத்தில் வாங்கி வருகிறேன். அவர் எனக்கு எழுதித் தருகிறார். உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தும் காட்டுகிறார்.

தை இருபத்தேழு ஞாயிற்றுக்கிழமை ஆர்ஷாவுக்குக் காதுகுத்து, மணையில் இருப்பீர்களா என்று கேட்டிருக்கிறாய். இது கேட்க வேண்டிய கேள்வியா? ஸ்ரீலட்சுமிக்கு உடன்பிறந்தான் இல்லை. அவளைப் பன்னிரண்டு வருஷம் வெயிலும் மழையும் பார்க்காமல் எத்தனை கோயிலுக்குக் கூட்டிப் போனாய், அதற்குப் பிறகு வந்த பிள்ளை. ஸ்ரீலட்சுமிக்குக் காது குத்தியது சாஸ்தா கோயிலில், ஒரு வியாழக்கிழமை. மஞ்சள் பாவாடை. ஆசாரி ஊசியை எடுத்ததும் என் இடதுகைப் பெருவிரலைக் கடித்தாள். அடையாளம் இன்னும் இருக்கிறது. அவள் இருந்த மடியில்தான் அவள் மகளும் இருப்பாள்.

மூட்டில் கொஞ்சம் வலி இருந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை தந்தார்கள். சுகமாகிவிட்டது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன் நீலகண்டன்

அம்மா, இனி வருவது வாலாம்பாள் நானாகவே எழுதுவது. அவருக்கு எழுத்துத் தெரியாது என்பதால் இந்தத் துணிச்சல். மூன்று வருஷமாக அவரால் தரையில் உட்கார முடியவில்லை. எங்கள் வீட்டில் நாற்காலி தந்தாலும், எழ முடியாமல் போய்விடுமோ என்று நின்றபடியே காபி குடிக்கிறார். இந்தக் கடிதத்தையும் சுவரில் சாய்ந்து நின்றுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால் "சுகம்" என்கிறார். வெளியே வந்து கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் படி இறங்குகிறார். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்ததாகக் காட்ட வேண்டாம்.


பூதப்பாண்டி,
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு சிவகாமி எழுதியது.

கடவுள் துணையால் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். எனக்கும் குறையில்லை. நாகர்கோவிலில் வைத்துத் தந்த காது மெஷினில் நன்றாகக் கேட்கிறது. ஆர்ஷா ஆறு கிலோ எண்ணூறு. அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்த்தோம். குப்புற விழுந்து, நிமிர முடியாமல் கோபப்படுகிறாள்.

நீங்கள் எழுதியதைப் படித்து ஸ்ரீலட்சுமி அழுதாள். பெருவிரல் கதை அவளுக்கு இத்தனை நாள் தெரியாதாம்.

ஒன்று நினைத்தேன். கோயிலில் இப்போதெல்லாம் நாற்காலி போட்டாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா மகன் பத்மகுமார்கூட, "தேவைப்பட்டா நான் இருக்கேன் அத்தே" என்று சொல்லியிருக்கிறார். சும்மா காதில் போட்டு வைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி,
சிவகாமி


கரமனை,
15 செப்டம்பர் 2024

தங்கச்சி சிவகாமிக்கு அண்ணன் சொல்வது.

இங்கே எல்லாரும் சுகம். அந்தச் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நாற்காலி என்று மாமி வாசித்ததும் நிறுத்தச் சொன்னேன். "மாமி, என் கடிதத்துல நாற்காலி உண்டா?"

"இல்லையே."

"அன்னிக்கு நான் பேரு சொல்லி முடிச்ச பொறவும் பேனா ரொம்ப நேரம் ஓடிச்சு. என் பேரு அவ்வளவு நீளமான்னு நெனச்சேன்."

மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்புதான் நீலகண்டன். ஆனா பொய்யா எழுதினேன்? நீங்களே சொல்லுங்கோ."

பொய் இல்லை. அதனால் இப்போது நானே சொல்கிறேன். என்னால் உட்கார முடியாது. போன மாசம் எங்கள் அரிசிக் கடையின் சரக்குக் கிட்டங்கியில் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்து, எழ முடியாமல், சரக்கு எடுக்க வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். மூட்டை சுமந்த முட்டு. நாற்பத்தோரு வருஷம்.

இந்த மூன்று வருஷத்தில் பதினான்கு முறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். முதல் தடவை செவ்வாய்க்கிழமை, மழை. தந்தது வெள்ளை மாத்திரை. இரண்டாம் தடவை மஞ்சள். ஐந்தாம் தடவை பச்சை மூடி போட்ட களிம்பு. ஒவ்வொரு தடவையும் கேட்டது ஒன்றுதான்: "வலி குறைஞ்சோ?" குறைந்துதான் இருந்தது. அதனால் "குறைஞ்சு" என்றேன். கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு அடுத்தவரை அழைத்தார்கள். பிறகு அங்கிருந்து ஒரு பெண்பிள்ளை போனில் கூப்பிடும். "சாரே, பிரச்சினை தீர்ந்நோ? சுகமாயோ?" என்று கேட்கும். அவ்வளவு மரியாதையாகக் கேட்கிற பிள்ளையிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? நீ கேட்டால் காகிதத்தில் சுகம் என்றுதானே எழுதச் சொல்கிறேன். அதே நாக்குதான் அங்கேயும் சுகம் என்றது.

பத்மகுமாரை எனக்குத் தெரியும். ஸ்ரீலட்சுமி கல்யாணத்தில் தாலி கட்டும்போது மூன்றாம் வரிசையில் வாய் திறந்து தூங்கியவர். அவர் மடியில் பிள்ளையை வைக்காதே.

இன்னொன்று. மெஷின் நன்றாகக் கேட்கிறது என்றால், ஆதிரா ஆறு தடவை கூப்பிட்டும் நீ ஏன் போன் எடுக்கவில்லை?

அண்ணன்

(பேனா இத்தோடு நின்றது. சாட்சி: வாலாம்பாள்.)


பூதப்பாண்டி,
29 செப்டம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு,

இங்கே ஒரு குறையும் இல்லை. போன் அன்று அடுக்களையில் இருந்திருக்கும்.

நீங்கள் உண்மையைச் சொன்னதால் நானும் நேராகக் கேட்கிறேன். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியைப் பற்றிக் கேட்டால் வலியைச் சொல்லாதீர்கள். உட்கார முடியவில்லை என்று சொல்லுங்கள். அதுதானே நமக்கு வேண்டியது.

மாப்பிள்ளை வீட்டில் மணைக்கு யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மார்கழி ஒன்றாம் தேதி சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருக்கிறேன். கோயில் நடையில் நாற்காலி போட பூசாரி சம்மதிக்கவில்லை. நான் போய்க் கேட்டது உண்மை, கோபப்படாதீர்கள்.

குட்டி ஏழு கிலோ நூறு. வாலாம்பாள் அம்மாவுக்கு என் வணக்கம். அவர்கள் எழுதியது நல்லதுக்குத்தான்.

சிவகாமி


கரமனை,
13 அக்டோபர் 2024

தங்கச்சி, நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமில்லை. எழுதிப் பார்க்கவே புதுசாக இருக்கிறது. ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாமியும் கூட வந்தார். கிழக்கேகோட்டை ஆஸ்பத்திரிக்கு பஸ்சில் போகும்போதே, "சுகம்னு சொன்னேள்னா அங்கேயே விட்டுட்டு வந்துடுவேன்" என்று மிரட்டினார். டாக்டர் சின்ன வயசு. "வலி எங்ஙனே?", எப்படி இருக்கிறது என்றுதான் அவரும் தொடங்கினார். நான் கையெடுத்துக் கும்பிட்டு, பதினான்கு தடவையையும் கிழமை, மருந்து, நிறத்தோடு சொன்னேன். கடைசியில், "வலி போகட்டும் சாரே. என் தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து. நான் தரையில் சம்மணம் போட்டு இருக்கணும். மடியில பிள்ளை. அதுக்கு உண்டா மருந்து?" என்று கேட்டேன்.

அவர் தட்டுவதை நிறுத்தினார். "இது இத்ர நாளும் பறஞ்ஞில்லல்லோ" என்றார். நான் என்ன சொல்ல, நீங்கள் கேட்கவில்லை என்றா? நானும் சொல்லவில்லை என்பதும் உண்மைதானே. முழங்காலைப் பிடித்து மடக்கினார், இடுப்பைத் திருப்பினார், பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பார்த்தார். தேய்மானம் தேய்மானம்தான், ஆனால் இடுப்பும் தொடையும்தான் அதிகம் இறுகியிருக்கிறது என்று சொல்லி இரண்டாம் நம்பர் முறி என்று எழுதிய அறைக்கு அனுப்பினார்.

அங்கே உடற்பயிற்சி சொல்லித் தரும் அனுஷா என்ற பிள்ளை. முதலில் அவள் கேட்டதே, "அப்பூப்பா, எது செய்யான் பற்றல்ல? அதைச் சொல்லுங்க" என்பதுதான். மூன்று வருஷத்தில் எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்ட முதல் ஆள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சீட்டில் எழுதிக்கொண்டாள். மாமி வாசித்துச் சொன்னார்: சம்மணமிட்டு இருபது நிமிஷம், மடியில் குழந்தை, தை 27.

"மூட்டு புதுசாவாது அப்பூப்பா. ஆனா அந்த இருபது நிமிஷத்த நமக்கு வாங்கலாம். வீட்ல என்ன உண்டு?"

"வீட்ல ஒண்ணும் இல்ல மோளே. கடையில அரிசி மூட்டை உண்டு."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. இருபத்தைந்து கிலோ மூட்டை நான்கு, ஒன்றன்மேல் ஒன்று. அதன்மேல் நான் இருக்க வேண்டும், எழ வேண்டும், பத்துப் பத்துத் தடவை. பத்து நாள் கழித்து ஒன்றை உருவ வேண்டும். பிறகு இன்னொன்று. கடைசியில் தரை. ஒவ்வொரு வாரமும் அவளிடம் காட்ட வேண்டும்.

மடிக்கு ஒரு துணிப்பையில் பச்சரிசி கட்டியிருக்கிறேன். ஏழு கிலோ நூறு. ஒவ்வொரு கடிதத்திலும் குட்டியின் எடையை மறக்காமல் எழுது.

அண்ணன்


பூதப்பாண்டி,
4 நவம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்ரீலட்சுமி உரக்க வாசித்தாள். நான்கு மூட்டையில் நீங்கள் ராஜா மாதிரி இருப்பதை நினைத்து மாப்பிள்ளைகூடச் சிரித்தார். குட்டி ஏழு கிலோ அறுநூறு. தவழ்கிறாள். செருப்பு எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துக் கடிக்கிறாள். உங்கள் பெருவிரலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

"எது செய்யான் பற்றல்ல" என்று அந்தப் பிள்ளை கேட்டதை மட்டும் தனியாக நாலைந்து தடவை படித்தேன்.

நாளை நாகர்கோவில்வரை ஒரு வேலை இருக்கிறது. வந்து எழுதுகிறேன்.

சிவகாமி


கரமனை,
24 நவம்பர் 2024

தங்கச்சிக்கு,

எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள், நான் இரண்டு மூட்டையில் இருக்கிறேன். இடையில் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். மூன்று மூட்டையில் இருக்கும்போது ஆசை தாங்காமல் நேரே தரைக்குப் போனேன். போய்விட்டேன். எழும்போது முட்டு பலாச்சுளை மாதிரி வீங்கியது. நான்கு நாள் கட்டிலில். அனுஷா வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "அரிசி மூட்டை நாப்பது வருஷம் சுமந்தவருக்கு அதோட சொல்லு கேக்கத் தெரியல்லல்லோ" என்றாள். கடையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. மறுபடி நான்கில் இருந்து தொடங்கி இப்போது இரண்டு.

கடையில் சுமை தூக்கும் நேசையன் தினமும் வந்து குசலம் விசாரிக்கிறான். "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பேரு வச்சாச்சா? பொன்னியா, ஜெயாவா?" என்று அரிசி வகைப் பேராகவே கேட்கிறான். நேற்று பையைத் தூக்கி முதுகில் தட்டி ஏப்பம் விட வைக்கப் பார்த்தான். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

உன் மெஷின் எப்படி இருக்கிறது? இந்தத் தடவை அடுக்களை என்று எழுதாதே.

அண்ணன்


கரமனை,
22 டிசம்பர் 2024

தங்கச்சி சிவகாமிக்கு,

அங்கே சுகமா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். ஒன்றரை மாசமாக உன் எழுத்து இல்லை. போஸ்ட்மேன் கரமனைத் தெருவில் திரும்பும்போதே மாமி வாசலில் நிற்கிறார், பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். ஸ்ரீலட்சுமியின் போன் அணைந்தே கிடக்கிறது.

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. மணையைப் பத்மகுமாருக்குக் கொடுத்துவிட்டாய் என்றால் அதை நேராக எழுது. எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது. நான்கு நாள் கட்டிலில் கிடந்தேன் என்று எழுதியதைப் படித்து நீ பயந்திருக்கலாம். உண்மையை எழுதினால் இப்படி ஒரு சங்கடமும் உண்டு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஆனாலும் சொல்லி வைக்கிறேன். ஒரு மூட்டையில் பதினைந்து நிமிஷம் இருக்கிறேன். யார் கையையும் பிடிக்காமல் எழுகிறேன். குட்டியின் எடை தெரியாததால் பையில் ஏழு கிலோ அறுநூறிலேயே நிற்கிறது.

அண்ணன்

அவர் அனுமதியோடு வாலாம்பாள்: நேற்று எங்கள் வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டார்.


பூதப்பாண்டி,
3 ஜனவரி 2025

அன்பு அண்ணனுக்கும் வாலாம்பாள் அம்மாவுக்கும்,

முதலில் மணை. மார்கழி ஒன்றாம் தேதி காலையிலேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மணை என் அண்ணனுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். "நாலு நாள் படுத்தவரா?" என்று கேட்டார்கள். "அஞ்சாம் நாள் எழும்பினவரு" என்றேன்.

இனி என் சமாச்சாரம். ஸ்ரீலட்சுமியின் போனை ஆர்ஷா வாளித் தண்ணீரில் போட்டுவிட்டாள், அது ஒன்று. நான் எழுதாததற்குக் காரணம் வேறு.

அண்ணா, அந்தக் காது மெஷின் மூன்று வருஷமாக மிட்டாய் டப்பாவில் இருந்தது. போட்டால் விசில் அடிக்கும். வாங்கிய அன்று அங்கே இருந்தவர் "கேக்குதா பாட்டி?" என்று கேட்டார். அவர் வாய் அசைந்ததைப் பார்த்து "நல்லா கேக்குது தம்பி" என்று சொல்லி வந்துவிட்டேன். உங்களுக்கு நாற்காலி எழுதிய எனக்கு, என் டப்பாவைத் திறக்கத் தோன்றவில்லை. அனுஷா கேட்ட கேள்வியைப் படித்து உங்களுக்குப் பதில் எழுதிய அடுத்த நாளே டப்பாவோடு நாகர்கோவில் போனேன். "பிள்ளை அழறது எனக்குக் கேக்கல. அதுதான் என் குறை" என்று சொன்னேன். காதுக்குள் வைக்கும் அச்சு என் அளவே இல்லையாம். புதிதாக அளவெடுத்து, செய்து, திருத்த மூன்று தடவை போக வேண்டியிருந்தது. கேட்கிற காதோடுதான் உங்களுக்கு எழுதுவது என்று ஒரு பிடிவாதம். உங்களைப் பயமுறுத்திவிட்டேன்.

இப்போது குக்கர் சத்தம் கேட்கிறது. மாப்பிள்ளை குறட்டை விடுவது கேட்கிறது. ஆர்ஷா தூக்கத்தில் "ம்ம்" என்பது அடுத்த அறையில் இருந்து கேட்கிறது.

எடை எட்டு கிலோ முன்னூறு. காதுகுத்துக்குள் எட்டரை ஆகிவிடும். பையில் அரிசி போடுங்கள்.

தங்கச்சி,
சிவகாமி


கரமனை,
23 பிப்ரவரி 2025

தங்கச்சிக்கு அண்ணனின் மனம் நிறைந்த ஆசி.

நேற்றுத்தான் போனில் கால் மணி நேரம் பேசினோம், நான் கத்தவே இல்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து, "தங்கச்சிக்கு என்ன ஆச்சு, சத்தமே இல்ல?" என்று விசாரித்தார். ஆனாலும் மாமி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் இதைக் கடிதத்துக்கு என்று மிச்சம் வைத்தேன்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து அந்தப் பெண்பிள்ளை கூப்பிட்டது. "சாரே, பிரச்சினை தீர்ந்நோ?"

"மோளே, நேரம் உண்டா?" என்று கேட்டேன்.

"ஒந்நு முதல் அஞ்சு வரை ஒரு நம்பர் சொன்னா மதி சாரே."

"நம்பர் கடைசியில சொல்றேன். முதல்ல கேளு."

நான்கு மூட்டையில் தொடங்கினேன். காதுகுத்து அன்று மணையில் இறங்கியதைச் சொன்னேன். பூசாரி கை நீட்டியதையும், நான் அதைப் பிடிக்காததையும் சொன்னேன். பையில் இருந்த அரிசி நெளியாது, ஆனால் பிள்ளை நெளியும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றேன். ஆசாரி ஊசியை எடுத்ததும் ஆர்ஷா என் விரலைத் தேடியதையும், நான் வலதுகைப் பெருவிரலைக் கொடுத்ததையும் சொன்னேன். இடதுகையில் அவள் அம்மாவின் அடையாளம் இருக்கிறதே. அவள் வீறிடுவதற்கு முன்னாலேயே, மூச்சு இழுத்த சத்தத்துக்கே, கூட்டத்தின் பின்னால் இருந்து "எம் மக்கா" என்று என் தங்கச்சி ஓடி வந்ததைச் சொன்னேன். இரண்டு காதும் முடிந்ததும் பிள்ளை என் மடியை நனைத்துவிட்டுத் தூங்கிவிட்டதையும், எழுப்ப மனமில்லாமல் இருபது நிமிஷத்துக்குப் பதில் ஐம்பது நிமிஷம் இருந்ததையும், பத்மகுமார் எனக்கு விசிறியதையும் சொன்னேன். அவர் நல்ல மனுஷன்தான் சிவகாமி. விசிறியபடியே தூங்கினாலும் கை நிற்கவில்லை.

அந்தப் பிள்ளை கடைசிவரை கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சியது. "அப்போ அஞ்சு இடட்டே சாரே?"

"நாலு போடு. கிட்டங்கிப் படி ஏறும்போது இன்னும் வலி உண்டு. அத மறைச்சா டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

"சரி சாரே. நன்றி."

வைக்கப் போனாள். நான் விடவில்லை. "மூணு வருஷமா நீதான் என்கிட்ட கேக்குற. உனக்குச் சுகமா மோளே?"

"சுகம் சாரே."

அந்தச் சுகம் எனக்குத் தெரியாதா? நான் பதினான்கு தடவை சொன்ன சுகம் அது. "சுகம் இருக்கட்டும். எது செய்யான் பற்றல்ல? அதைச் சொல்லு" என்றேன்.

மெதுவாகச் சொன்னாள். எட்டு மணி நேரம் நாற்காலியில் இருந்து போன் பேசி நடு முதுகு பிடித்துக்கொண்டதாம். இரண்டு வயசு மகனை இடுப்பில் தூக்கி ஐந்து மாசம் ஆகிறதாம். ஆஸ்பத்திரியிலேயே வேலை, யாரிடமும் சொன்னதில்லையாம்.

"இரண்டாம் நம்பர் முறி. அனுஷா. செவ்வாயும் வெள்ளியும் காலையில. நீலகண்டன் அனுப்பினாருன்னு சொல்லு," என்றேன். "போகும்போது மகனோட எடை தெரிஞ்சுக்கிட்டுப் போ. அரிசி நான் கட்டித் தாரேன்."

எழுதும்போதே மாமி சிரிக்கிறார், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். அடுத்த பதிலில் குட்டியின் எடையையும், உன் காதில் புதிதாக என்னென்ன கேட்டது என்பதையும் எழுது.

இரண்டாவது டம்ளர் காபியை உட்கார்ந்தே குடிக்கும்,
அண்ணன் நீலகண்டன்